காயாத உதடு

— சிரிக்காதீங்க, மிஸ் வினிஃப்ரெட்! ஐயோ ஆண்டவரே, மறுபடியுமா!

— சத்தியமா சிரிக்கலை, மிஸ்டர் டக்கெட். கன்னம் தானாத் துடிக்குது.

— ஜன்னலைப் பாருங்க. மழையைப் பாருங்க. ஏதோ நினைப்புல இருக்கிற மாதிரி, அமைதியா... ஆங், அப்படியே... போச்சு!

— நீங்க மூக்கு நுனியில நீலச் சாயத்தை அப்பிக்கிட்டு 'அமைதி, அமைதி'ன்னா நான் என்ன செய்வேன்?

— மெதுவா! உங்க அத்தை முழிச்சுடுவாங்க.

— டார்கஸ் அத்தையா? எனக்குத் துணைக்குன்னு வந்து கணப்புப் பக்கத்துல சாய்ஞ்சாங்கன்னா, இடி விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டாங்க.

— படத்துல பட்டு கவுன் முடிஞ்சது, கை முடிஞ்சது, பின்னால இருட்டு முடிஞ்சது. உதடு மட்டும்தான் பாக்கி.

— ஒரு மாசமா உதடு மட்டும்தான் பாக்கி.

— அங்கே மான்செஸ்டர்ல பேக்ஷா துரை சுவர்ல ஆணி அடிச்சுட்டுக் காத்திருக்கார். படம் ஏறினாத்தான் உங்களோட கல்யாணம்னு சொல்லிட்டாராமே.

— ஆமா, சாப்பாட்டு மேஜைக்கு எதிர்ல. அவர் ஆட்டுக்கறி மெல்றதை நான் அமைதியாப் பார்த்துக்கிட்டே இருக்கணுமாம். சுவர்லயும் நான், நாற்காலியிலயும் நான்!

— தாடையைக் கொஞ்சம் தூக்குங்க.

— ஒண்ணு கேக்கவா? அன்னிக்கு நீங்க தேநீர் எடுக்கப் போனப்போ படத்தைத் தொட்டுப் பார்த்தேன்.

— தொட்டீங்களா! ஐயோ ஆண்டவரே!

— நெத்தி காய்ஞ்சிருக்கு, கன்னம் காய்ஞ்சிருக்கு. உதடு மட்டும் ஏன் பிசுபிசுங்குது?

— குளிர்காலம்...

— உதட்டுக்கு மட்டுமா குளிர்காலம்?

— சரி, சொல்லிடறேன். மத்ததுக்கெல்லாம் சாயத்துல ஆளிவிதை எண்ணெய் கலக்கறேன், சீக்கிரம் காயும். உதட்டுக்குக் கசகசா எண்ணெய். அது லேசுல காயாது, சுரண்டச் சுலபம்.

— சுரண்டவா?

— தினம் நீங்க வண்டி ஏறினதும் கத்தியை எடுத்துச் சுரண்டிடுவேன். போதுமா? படம் முடிஞ்சா நீங்க வரமாட்டீங்களே!

— அடப்பாவி மனுஷா! எங்கே முடிச்சுடுவீங்களோன்னு, வர்ற வழியெல்லாம் சிரிக்கிறதுக்கு எதையாவது யோசிச்சுக்கிட்டே வர்றேன் நான்!

— அப்போ அந்தச் சிரிப்பெல்லாம் நடிப்பா?

— முதல் வாரம் நடிப்பு. அப்புறம் உங்களைப் பார்த்தாலே தானா வந்துடுச்சு.

— வினிஃப்ரெட்!

— 'மிஸ்' எங்கே போச்சு?... எனக்குப் பயமா இருக்கு. அப்பா வாக்குக் கொடுத்துட்டார். பேக்ஷாகிட்ட என்னன்னு சொல்றது?

— அசையாதீங்க! இந்த முகம்தான்! இத்தனை நாளா நான் கேட்ட அமைதி இதுதான்!

— பேக்ஷாகிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்டி.

— அத்தை! நீங்க தூங்கலையா?

— நான் என்னிக்குடி தூங்கினேன்? அந்த ஆள் யாரோ ஒரு ஆலைக்காரர் மகளைக் கட்டிக்கிட்டு மூணு வாரமாச்சு. உன்கிட்டப் பக்குவமா எடுத்துச் சொல்லுன்னார் உங்கப்பா. சொன்னா நீ இங்கே வர்றது நின்னுடுமேன்னு நான்தான் கமுக்கமா இருந்துட்டேன். தம்பி, இனி இந்தப் படம் உன் வீட்டுச் சுவருக்குத்தான்; அந்தக் கசகசா எண்ணெயைத் தூக்கிக் கடாசிட்டு, சீக்கிரம் காயறதை எடு!