ரெண்டு பக்கமும் பாடணும்

– கைய எடுங்க மாமா. சுடும்.

– சுடுதான்னு பாக்கத்தானே தொட்டேன்… ஸ்ஸ்.

– சுட்டுச்சா?

– லேசா.

– லேசாவா? விரல வாயில வச்சிருக்கீங்க. போய்த் தண்ணியில காட்டுங்க. ரெண்டு ரெகுலேட்டரும் சுடுதா?

– இல்லம்மா. பிளஸ் பக்கம் ஜில்லுன்னு இருக்கு. மைனஸ் பக்கம் தோசைக்கல்லு.

– மீட்டரும் அதத்தான் சொல்லுது. பிளஸ்ல பதினஞ்சு வோல்ட், நூல் பிடிச்ச மாதிரி. மைனஸ்ல இருபத்திரண்டு.

– கூடத்தானே குடுக்குது? நல்லதுதான.

– ரெகுலேட்டர் வேலையே அளவாக் குடுக்கிறதுதான். கூடக் குடுத்தா அந்த ப்ரீஆம்ப் பெட்டியில இருக்கிற சில்லு வெந்துடும். நல்லவேளை, இன்னும் சேக்கல. இந்த ரெண்டையும் ஈயம் வச்சு யாரு பத்த வச்சது?

– நான்தான். பாரு, எப்படி ஜோடியா நிக்குதுன்னு. அண்ணன் தம்பி மாதிரி.

– அழகாத்தான் நிக்குது. ரெண்டுக்கும் கால் வரிசை ஒண்ணுன்னு யாரு சொன்னா?

– பாத்தா ஒரே அச்சுதான. மூணு காலு, முதுகுல ஒரு ஓட்டை…

– பிளஸ்ஸுக்கு முதல் கால்ல கரண்ட் உள்ள போகும், நடுக்கால் எர்த்து. மைனஸ்ஸுக்கு முதல் கால்தான் எர்த்து, நடுக்கால்ல உள்ள போகும்.

– அப்புறம் எதுக்கு ரெண்டுக்கும் ஒரே சட்டையப் போட்டு விக்கிறான்?

– படத்தப் பாத்துப் பண்ணுங்கன்னு சொன்னேன்ல? பஸ்ல கிளட்ச்சையும் பிரேக்கையும் மாத்தி வச்சா ஓட்டுவீங்களா?

– ஓட்டியிருக்கேன். டெப்போவுல ஒரு வண்டி இருந்துச்சு…

– அந்தக் கதை அப்புறம். நான் ஈயத்தச் சூடு பண்ணி உறிஞ்சுறேன், நீங்க மெல்ல இழுங்க. இடுக்கியால, விரலால இல்ல. உங்க மகன் ஆறு மணிக்கு வந்துடுவார்.

– பழைய பாட்டுத் தட்டு வாங்குறவனோடதான?

– அவரோடதான்.

– காலையில தட்டு அலமாரி நிக்கிற செவுத்த அளந்துட்டுல்ல போனான். டேப்ப நீட்டிக்கிட்டு, என்னமோ இடம் வாங்க வந்தவன் மாதிரி.

– குழந்தைக்குக் கட்டில் போடணும்ல. வெயில் படாத செவுரு அது ஒண்ணுதான்.

– குழந்தைக்கு ஹால்ல இடம் இல்லையா? சரி, அவன் வாக்கு உனக்கு ஞாபகம் இருக்கா? புதுப் பெட்டி ரெண்டு பக்கமும் பாடினா தட்டும் அலமாரியும் இருக்கிற இடத்துலயே இருக்கும்.

– பாடலேன்னா மொத்தமும் இன்னைக்கே வண்டியில ஏறும். அதையும் சேத்துச் சொல்லுங்க. "அப்பா ஒரு வருஷமா ஒரு தட்டத் தொடல, அப்புறம் எதுக்கு அலமாரி"ன்னு கேக்குறார்.

– நானா தொட மாட்டேன்னேன்? பழைய பெட்டி இடது பக்கத்த முழுங்கிடுச்சு. பாதிப் பாட்டு கேக்குறதுக்குச் சும்மா இருக்கலாம்.

– அதான் புதுசு பண்றோமே. இழுங்க… இழுங்க… வந்துடுச்சு. இப்ப கால மாத்தி வைங்க. இல்ல, இப்படி. இது நடுவுல.

– பிடிச்சுக்கோ.

– பிடிச்சிருக்கேன். பத்த வைங்க… போதும், ஈயத்தக் கொட்டாதீங்க. சுவிட்சப் போடுங்க.

– போட்டாச்சு. மீட்டர் என்ன சொல்லுது? சொல்லேன்… மொகத்த ஏம்மா அப்படி வச்சிருக்க?

– மைனஸ் பதினஞ்சு.

– நெசமா?

– நீங்களே பாருங்க.

– பதினஞ்சு… இங்கயும் பதினஞ்சு. அங்கயும் பதினஞ்சு. ஏய், நான் பண்ணினதும்மா இது.

– நான் பிடிச்சுக்கிட்டேன்.

– நீ பிடிச்சுக்கிட்ட, நான் பண்ணினேன். அடுத்த பெட்டியச் சேரு. சேரும்மா, கை பரபரங்குது.

– ப்ரீஆம்ப்ப அவசரப்பட்டுச் சேத்தா வெந்துடும். முள்ளுலருந்து வர்றது கொசு முனகுற அளவு சத்தம். அத ஆளு பேசுற அளவுக்கு ஆக்குறது இதுதான். நிதானமாச் சேருங்க… சரி. ஹெட்போன ஆம்ப்ளிஃபயர்ல சொருகிக் காதுல மாட்டுங்க.

– ஸ்பீக்கர் வேண்டாமா?

– ஸ்பீக்கர்ல சின்ன இரைச்சல் தெரியாது. ஹெட்போன் ஒண்ணுதான் இருக்கு, மாத்தி மாத்திக் கேப்போம். என்ன கேக்குது?

– …

– மாமா, என்ன கேக்குது?

– இரு, ஒரு பக்கத்தத் தூக்கிக்கிறேன். என்ன கேட்ட?

– என்ன கேக்குதுன்னு கேட்டேன்.

– தேன்கூட்டுக்குள்ள தலைய விட்ட மாதிரி இருக்கு. உம்ம்ம்னு.

– குடுங்க… ஆமா, சரியான உறுமல். பவர் பெட்டியில இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துலயே உக்காந்திருக்கு, அதோட மூச்சு இதுல படுது. பவர் பெட்டியத் தூக்கித் தள்ளி வைங்க. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்.

– இப்ப?

– கொறையுது.

– இப்ப?

– இன்னும் தள்ளுங்க.

– இப்ப?

– ஐயோ, சூப்பர். அப்படியே நகருங்க. இன்னும்…

– செவுரு வந்துடுச்சும்மா. இதுக்கு மேல பக்கத்து வீடுதான்.

– மேசைக்குக் கீழ வைங்க. வயர் எட்டும்.

– நீ குனியாத. வயித்தத் தள்ளிக்கிட்டு மேசைக்கு அடியில பூந்தா அவன் என்னையும் சேத்து வண்டியில ஏத்திடுவான். நகரு, நான் போறேன்.

– தலை… தலை பத்திரம்…

– இடிச்சாச்சு.

– சத்தம் ஹெட்போன் வழியாவே கேட்டுச்சு. இப்ப முக்கால்வாசி போயிடுச்சு மாமா. இன்னும் ஒரு துளி முனகல் மட்டும் இருக்கு. அங்கருந்து எந்திரிச்சு, ரெக்கார்ட் பிளேயர்ல முள்ளு மாட்டியிருக்கிற கைய ஒரு விரலால தொடுங்க.

– …

– மாமா. பிளேயர் கைய.

– இந்தப் பக்கமா வந்து சொல்லும்மா. அங்க நின்னா வெளிச்சத்த மறைக்கிற.

– பிளேயர் கையத் தொடுங்கன்னேன்.

– தொட்டாச்சு.

– போயிடுச்சு. விரல எடுங்க… வந்துடுச்சு. தொடுங்க… போயிடுச்சு.

– நான் என்ன மந்திரவாதியா?

– எர்த்து வயரு மாமா. பிளேயர்லருந்து வர்ற பச்சை வயரு பெட்டியில மாட்டவே இல்ல, அந்தரத்துல தொங்குது. நீங்க தொட்டா உங்க உடம்பு வழியா எர்த்து ஆகுது.

– அப்ப நானே தொட்டுக்கிட்டு நிக்கிறேன். வயரு எதுக்கு?

– ராத்திரி தூங்க வேண்டாமா? அந்தத் திருகாணியக் குடுங்க… இறுக்கியாச்சு. இப்ப நீங்க கேளுங்க.

– என்னம்மா, ஆஃப் பண்ணிட்டியா?

– இல்லையே.

– ஒண்ணுமே கேக்கலையே.

– அதான் மாமா. பெட்டி ஓடிக்கிட்டு இருக்கு. அவ்வளவு அமைதி.

– அடேயப்பா. வண்டி ஸ்டார்ட்ல இருக்கிறதே தெரியல. கடையில விக்கிற பெட்டியில கூட ஒரு சீறல் இருக்கும். தட்டப் போடு. எது வேணும்னாலும் போடு. இல்ல, இரு, நானே போடுறேன், உனக்கு முள்ள இறக்கத் தெரியாது.

– துடைச்சுட்டுப் போடுங்க.

– துடைச்சாச்சு… இறக்கியாச்சு… அம்மாடி. அம்மாடியோவ்.

– என்ன?

– வயலின்காரர் வில்ல இழுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுக்கிறாரே, அது கேக்குதும்மா. இத்தனை வருஷமா இந்தத் தட்டு இருக்கு, அந்த மூச்ச நான் கேட்டதே இல்ல.

– கத்தாதீங்க, பக்கத்துலதான் நிக்கிறேன்.

– கத்துறேனா? கத்துவேன். நம்ம ரெண்டு பேரும் சேந்து பண்ணின பெட்டி. வரட்டும் அவன். தட்டு வாங்குறவனுக்கு ஒரு வாய் தண்ணி குடுத்து அனுப்பிடலாம்.

– ரெண்டு பக்கமும் வருதா?

– பிரமாதமா வருது.

– இடது பக்கம் என்ன வருது?

– வயலின்தான்.

– குடுங்க பாப்போம்… மாமா, வயலின் வலது பக்கம். இடது பக்கம் டிரம்மு.

– நான் பாட்டுல சொக்கிப் போயிருந்தேன், கவனிக்கல.

– இப்ப கவனிச்சுக் கேளுங்க. டிரம் வருதா?

– வரல. பழைய பெட்டியோட கோளாறு இதுக்கும் ஒட்டிக்கிச்சு போல.

– ஒட்டிக்க இது சளி இல்ல. சரி, நான் வேலை பாக்கிற சர்வீஸ் சென்டர்ல பண்றத இங்கயும் பண்ணுவோம். ரெண்டு பக்கத்தையும் மாத்தி மாட்டுவோம். கோளாறும் கூடவே மாறினா, அதுக்கு முன்னாடி இருக்கிற பொருள்ல தப்பு. மாறலேன்னா அதுக்கு அப்புறம் இருக்கிறதுல தப்பு.

– ஓ. டயர முன்ன பின்ன மாத்திப் பாக்கிற மாதிரி.

– அதேதான். பெட்டிக்குள்ள போற ரெண்டு வயரையும் மாத்திட்டேன். கேளுங்க.

– இப்ப வலது பக்கம் டிரம்மு வருது. வயலின் போச்சு.

– செத்தது எந்தப் பக்கம்?

– இடதுதான்.

– அப்ப முள்ளு, பிளேயர் ரெண்டும் தப்பிச்சுது. பெட்டியிலருந்து வெளிய வர்ற வயர மாத்துறேன்… இப்ப?

– வயலின் வருது. டிரம்மு போச்சு. இப்பவும் இடதுதான். அப்ப நம்ம பெட்டி நல்ல பெட்டியா?

– தங்கமான பெட்டி.

– கேட்டியா, தங்கம். நான் பத்த வச்சது. அப்ப ஆம்ப்ளிஃபயர்தான் திருடன். பிடிச்சுட்டோம்.

– ஆம்ப்ளிஃபயர எங்க பெஞ்சுல வச்சு ஒரு நாள் முழுக்க ஓட்டிப் பாத்துட்டுத்தான் கொண்டு வந்தேன் மாமா. அதுல ஒண்ணும் இல்ல.

– அப்புறம் என்ன பாக்கி இருக்கு?

– ஒண்ணே ஒண்ணு பாக்கி. அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லணும். பழைய பெட்டிய சென்டருக்குத் தூக்கிட்டுப் போனேன்ல… போன அன்னைக்கே திறந்து பாத்துட்டேன். அதுலயும் கோளாறு இல்ல. ரெண்டு பக்கமும் பாடிச்சு.

– ம்.

– கோவமா?

– அப்புறம் எதுக்கும்மா இத்தனை நாளா என்னோட சேந்து ஈயம் உறிஞ்சின?

– பெட்டிதான் கெட்டுப்போச்சுன்னு வீடு முழுக்கச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க. "இல்ல"ன்னு நான் மொகத்துக்கு நேரா சொன்னா ஒரு வாரம் பேச மாட்டீங்க. புதுப் பெட்டியிலயும் வரலேன்னா நீங்களே சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா ஆம்ப்ளிஃபயரப் பிடிச்சுட்டீங்க. ஹெட்போன் மாட்டியிருக்கப்ப நான் கூப்பிட்டா, எப்பவும் வலது பக்கத்தத்தான் தூக்குறீங்க. தெரியுமா உங்களுக்கு?

– பஸ்ல இன்ஜின் இடது பக்கம்தான் இருக்கும்மா. டிரைவர் முட்டிக்குப் பக்கத்துலயே. நாள் முழுக்க அது உறுமிக்கிட்டே வரும்.

– கேட்டு திறக்குற சத்தம். வந்துட்டாங்க.

– எனக்குக் கேக்கல.

– தெரியும். பயப்படாதீங்க, பெட்டி ரெண்டு பக்கமும் பாடுது. உங்க மகன் காதுலயே மாட்டிக் காட்டுறேன். அவர் கேட்டதும் அவ்வளவுதான், அலமாரி எங்கயும் போகாது. அவர் படியேறி வர்றதுக்குள்ள அந்தக் கடைசி ஒண்ணையும் மாத்திப் பாத்துடுவோம். ஹெட்போனத் திருப்பி மாட்டுங்க மாமா.

– அதப் போன வருஷமே பண்ணிப் பாத்துட்டேன்மா, பழைய பெட்டியில. அப்பவும் இந்த இடது காதுதான் கேக்கல. டாக்டர நாளைக்குப் பாக்கலாம், இப்ப நீ தட்டத் திருப்பு. அவன் உள்ள வர்றப்ப பாடிக்கிட்டு இருக்கணும்.