ஆறு அடி

– த்தூ! இதெல்லாம் ஒரு பகடை ஆட்டமா? ஒரே மூச்சுல ஆறு அடி! என் வாள்வீரன் உறையிலேருந்து வாளை உருவுறதுக்குள்ள ஆளே காலி.

– மாப்ளே, தோத்தவன் வாய் நாறத்தான் செய்யும். போய்க் கொப்புளிச்சிட்டு வா.

– நாறுறது என் வாய் இல்ல மாமா, உங்க முரடன். கவசம் கிடையாது, குளியல் கிடையாது, மூளை கிடையாது. ஆனா ஒரு சுத்துக்குக் கோடாலியால ஒரு வெட்டு. அது போதாதுன்னு கோடாலிக் காம்பைத் திருப்பிப் பிடிச்சு ஆறு அடி! என் ஆளுக்கு? ரெண்டே ரெண்டு வெட்டு. ஒரே விலைச்சீட்டு ஒட்டி மூணு சரக்கு வெச்சா, மூணும் ஒரே தரமா இருக்கணுமா வேண்டாமா?

– நீ விக்கிற பூட்டெல்லாம் அப்படியா இருக்கு?

– பூட்டைப் பத்திப் பேசாதீங்க. பூட்டைப் பத்திப் பேசணும்னா முதல்ல அது வாங்க வர்றவன் கண்ணுல படணும். மாடிப்படிக்குக் கீழ, உங்க பெயின்ட் டப்பாவுக்கெல்லாம் பின்னாடி, இருட்டுல தொங்குது. போன வாரம் கரண்ட் ஆபீஸ்காரர் வந்து மீட்டர் எதுன்னு தெரியாம என் பூட்டு முன்னாடி நின்னு கணக்கு எழுதிட்டுப் போனார்.

– அதுக்குத்தானே இன்னிக்கு ஒத்தைக்கு ஒத்தை வெச்சோம்? ஜெயிச்சவனுக்குக் கடை முகப்பு. கண்ணாடிக்குப் பின்னாடி உன் பூட்டா என் பெயின்ட்டான்னு பகடை சொல்லட்டும்னு முதல்ல வாயைத் திறந்தவன் நீ. பகடை சொல்லிடுச்சு. அதான் விஷயம்.

– பகடை எங்க சொல்லிச்சு? உங்க ஆறு அடி சொல்லிச்சு. அக்கா! நீ சொல்லுக்கா. இந்த ஆட்டத்தை உண்டாக்கினவ நீ. பொம்மை செஞ்சவ நீ, பொம்மைக்கு ஒரு அட்டைன்னு விதி எழுதினவ நீ, நடுவரும் நீ. உன் புருஷன்கிறதை ஒரு நிமிஷம் மறந்துட்டுச் சொல்லு. இது நியாயமா?

– நான் ஒண்ணும் சொல்லலப்பா.

– பாத்தியா? நடுவரே ஒண்ணும் சொல்லல.

– எப்பத்தான் சொன்னா? ஒரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஷட்டரை இறக்கிட்டு இந்த மேசைல உக்கார்றோம். ஆட்டக் கதைல பேய் வந்தா பேய் மாதிரிக் கத்துவா, மழை பெஞ்சா மழை மாதிரிப் பேசுவா. நியாயம்னு வந்தா மட்டும் ஒண்ணும் சொல்ல மாட்டா.

– சரி, நான் நியாயம் சொல்றேன் கேளு. கவசம் யாருக்கு? உனக்கு. நான் வெத்து மார்போட நிக்கிறேன். எதிரி வெட்டினா தடுக்குற உரிமை யாருக்கு? உனக்கு. எனக்குத் தடுப்பு கிடையாது, வாங்கிக்க வேண்டியதுதான். எல்லாத்தையும் விட, நடை யாருக்கு? உன் அட்டைல ‘எட்டு அடி நடை’ன்னு பளிச்சுன்னு எழுதியிருக்கு. என் அட்டைல நடைங்கிற வார்த்தையே இல்ல. முரடன் நடக்க மாட்டான். நின்ன இடத்துல நின்னு அடிப்பான். அந்தக் குறைக்கு ஈடுதான் ஆறு அடி. தராசு முள்ளு நேரா நிக்குது பாரு.

– தராசு நேராத்தான் நிக்குது. அதைச் சுமந்தவன் முதுகு கோணலாயிடுச்சு! நடக்காத ஆளை யார் கூட்டிட்டுப் போனது? தள்ளுவண்டி வாங்கினோமே, யார் தள்ளினது? வாள்வீரன்! அரண்மனைப் படைத் தளபதி! குகைக்குள்ள பூதம் உறுமிட்டு நிக்குது, நான் என்ன பண்ணிட்டிருக்கேன்? குனிஞ்சு சக்கரத்துல மாட்டின கல்லை எடுத்துட்டிருக்கேன். மேல சாஞ்சு உக்காந்துக்கிட்டு நீங்க ‘கொஞ்சம் இடது பக்கமா ஓட்டு மாப்ளே’ன்னு உத்தரவு போடுறீங்க.

– இடது பக்கம் நிழலா இருந்துச்சு.

– குகையில நிழலென்ன, வெயிலென்ன?

– அதை விடு. சதுப்பு நிலத்துல வண்டி புதைஞ்சப்ப என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டியே, அந்தப் பாசம் எங்க போச்சு?

– அதை ஞாபகப்படுத்தாதீங்க, குமட்டுது. பொறந்ததுலேருந்து துவைக்காத தோல் அரைக்கச்சை. ‘அவன் வேர்வை உன் காதோரமா இறங்கி உதட்டுல வந்து நிக்குது’ன்னு அக்கா வேற வர்ணிச்சா. அன்னிக்கு வீட்டுக்குப் போய் என்னால ஒரு வாய் சாப்பிட முடியல.

– வர்ணனைன்னா அது வர்ணனை. அதுக்கு ஒரு கும்பிடு.

– சந்தோஷங்க.

– மாமா, பேச்சு பேச்சா இருக்கட்டும். நாலு அடிக்கு முடிச்சுக்கலாம். நாலுன்னு வெச்சு இன்னொரு தடவை மோதுவோம்.

– நாலா? அசலே தேறாதுடா.

– நாலரை.

– அரை அடி எப்படி அடிக்கிறது? கையை ஓங்கிட்டு நடுவுல யோசிக்கிறதா?

– அஞ்சு. இதுக்கு மேல ஏற மாட்டேன். கட்டுப்படி ஆகலன்னா சொல்லுங்க, எழுந்து போறேன்.

– போற மாதிரி ரெண்டு எட்டு வெச்சுட்டுத் திரும்பிப் பார்க்கிற ஆளுங்களை நான் தினமும் பார்க்கிறேன் மாப்ளே. ஆறு. ஒரே விலை.

– எழுந்து போறது நிஜம் மாமா. இந்த முகப்பும் கிடைக்கலன்னா என் பூட்டு வியாபாரத்துக்கு நானே பூட்டுப் போட்டுட்டு எதிர்க்கடைல சம்பளத்துக்கு நிக்கணும். அந்த ஆள் ஏற்கெனவே கேட்டாச்சு. ‘உங்க மச்சான் கடைல இருட்டுல நிக்கிறதுக்கு இங்க வெளிச்சத்துல நில்லுங்க’ன்னு சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்கக் கூடாதுன்னு இப்பல்லாம் பின்வாசல் வழியாத்தான் வர்றேன்.

– எனக்கு மட்டும் வியாபாரம் பொங்கி வழியுதா? முகப்புல வண்ண அட்டை வெச்சாத்தான் பெயின்ட் நகரும். ஆட்டத்துக்கு முன்னாடி இவ என்ன கேட்டா? ‘விதிப்படி ஆடி ஜெயிக்கிறவங்களுக்கு முகப்பு. விதி பிசகினா முகப்பு என் இஷ்டம். சம்மதமா?’ன்னு கேட்டா. முதல்ல நான் இவ கைல அடிச்சேன், அடுத்து நீ அடிச்சே. அடிச்சியா இல்லையா?

– அடிச்சேன். அந்த நேரத்துல யார் அதையெல்லாம் காது குடுத்துக் கேட்டா?

– கேட்டிருக்கணும். வாள்வீரன் பிடிக்கலன்னா அடுத்த வாட்டி மூணாவது பொம்மை, அந்தக் கேடயக்காரியை எடுத்துக்க. அவளும் கிட்ட நின்னு மோதுறவதான்.

– அதுக்கு நான் மேசைக்குக் காலா நின்னுட்டுப் போறேன். ஒரு இடி, மூணு அடி நடை. அதோட சரி. ஒரு மூலைல போய்க் கதவு நிலை மாதிரி நிப்பா. ஒரு வருஷத்துல ஒருத்தனாவது அவளைத் தொட்டிருப்போமா?

– நின்ன இடத்தை விட்டு அவளை யாராலும் நகத்த முடியாது. அதுவும் அட்டைல இருக்கு.

– எதுக்குக்கா நகத்தணும்? சுத்திப் போயிட்டா ஆச்சு.

– ஹ! நல்லா சொன்னே மாப்ளே, சுத்திப் போயிட்டா ஆச்சு!

– நான் ஒண்ணும் சொல்லல.

– ஆமா, அந்தக் கேடயக்காரி பொம்மை எங்கக்கா? பெட்டில காணோம்.

– இருப்பா எங்கயாவது.

– தொலைஞ்சா தொலையட்டும். போன மாசம் இவ கேட்டது ஞாபகம் இருக்கா மாப்ளே? முகப்பை இவகிட்டக் குடுக்கணுமாம். இந்தப் பொம்மை, பகடை, ஆட்டப் பெட்டி எல்லாம் செஞ்சு வெச்சு விக்கப் போறாளாம்!

– அக்கா அதை விளையாட்டுக்குச் சொல்லியிருப்பா மாமா. ரெண்டு குடும்பத்துக்குச் சோறு போடுற கடைல முகப்புல பொம்மை வெப்பாங்களா?

– சிரிச்சு சிரிச்சு எனக்கு விலாவே பிடிச்சுக்கிச்சு.

– ஆமாங்க. நல்லாத்தான் சிரிச்சீங்க, ரெண்டு பேரும். தம்பி, கத்தினது போதும். இந்த டேப் முனையைக் கொண்டு போய்க் கண்ணாடி ஓரமா பிடி.

– எதுக்கு?

– முகப்புக்கு அலமாரி போடணும்ல? அளவு வேணும்.

– தோத்தவனையே அளவு பிடிக்கச் சொல்றே பாரு, உனக்கு நெஞ்சுல ஈரமே இல்லக்கா.

– இழுத்துப் பிடிடா, தொய்யுது. ம், அவ்வளவுதான். பன்னெண்டு அடி.

– பன்னெண்டு அடியா! அப்ப எமல்ஷன் டப்பா ஒரு பக்கம், எனாமல் ஒரு பக்கம், நடுவுல என் போட்டோ கூட வெக்கலாம்.

– அக்கா.

– என்னடா?

– இன்னொரு வாட்டி சொல்லு.

– பன்னெண்டு அடி.

– பன்னெண்டு... அடி.

– என்ன மாப்ளே, டேப் கையைக் கிழிச்சிடுச்சா? மூஞ்சி ஏன் இப்படி பிரைமர் அடிச்ச சுவர் மாதிரி ஆயிடுச்சு?

– மாமா, உங்க அட்டைல என்ன இருக்கு? படிங்க.

– படிக்கணுமா? மனப்பாடம். ‘முரடன். ஒரு வெட்டு. ஆறு அடி.’

– என்னுது, ‘ரெண்டு வெட்டு. எட்டு அடி நடை.’ கேடயக்காரிக்கு, ‘ஒரு இடி. மூணு அடி நடை.’ எல்லாருக்கும் முதல்ல சண்டை, அடுத்தது தூரம். மாமா... அது அடி இல்ல. அது அடி!

– உனக்குத் தோல்வி தலைக்கு ஏறிடுச்சு.

– அடிக்கிற அடி இல்ல மாமா, அளக்கிற அடி! உங்க முரடன் ஆறு அடி நடப்பான்! நடப்பான் மாமா! அவனுக்குக் கால் இருக்கு!

– டேய், சும்மா இரு. அப்ப நான் காம்பால அடிச்சது?

– நீங்களா அடிச்சது!

– பாலத்துக் காவல்காரனை?

– கள்ள அடி!

– ரெட்டைத் தலைப் பாம்பை? தலைக்கு மூணா பிரிச்சுக் குடுத்தேனே!

– அதுவும்தான்! இன்னிக்கு என் ஆளை அடிச்சதும்தான்! நான் கால் வலிக்க நடந்து உங்ககிட்ட வந்து, இல்லாத அடியை வாங்கிச் செத்திருக்கேன். சீச்சீ! நல்லா நடக்கத் தெரிஞ்ச தடியனை ஒரு வருஷமா வண்டில வெச்சுத் தள்ளியிருக்கேனே! அக்கா, ‘நடை’ன்னு ஏன்க்கா எழுதாம விட்டே?

– முரடன் படம் பெருசா வந்துடுச்சு. கோடாலி அட்டை ஓரம் வரைக்கும் போய் முட்டுது. நடைக்கு இடம் இல்ல. ஆடுறவங்களுக்குப் புரியும்னு விட்டேன்.

– எங்களுக்குப் புரியலன்னு தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாம்ல?

– முதல் நாளே வாயைத் திறந்தேன். உங்க மாமா காம்பைத் திருப்பிப் பிடிச்சதும், ‘என்னங்க, அது வந்து’ன்னேன். ஏங்க, அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

– நான் என்ன சொன்னேன்?

– ‘நீ பொம்மை செய்யிறதோட நிறுத்திக்க. சண்டைன்னா என்னன்னு எங்களுக்குத் தெரியும்’னீங்க. தம்பி, நீ?

– நானுமா?

– ‘ஆமாக்கா, பொம்பளைங்களுக்கு இது புரியாது’ன்னே. அதோட நான் ஒண்ணும் சொல்லல.

– அதுக்காக ஒரு வருஷம் என்னை வண்டி தள்ள விட்டியா?

– இன்னிக்குக் கேப்பீங்க, அடுத்த வாரம் கேப்பீங்கன்னு பார்த்தேன். கூடப் பொறந்தவன் நடக்கத் தெரிஞ்ச ஒருத்தனைச் சேத்துல தூக்கிச் சுமக்கிறான், கட்டினவர் மேல உக்காந்து வழி சொல்றார். வண்டி வாங்கினீங்க, சக்கரத்துக்கு மை வாங்கினீங்க, வண்டிக்குக் கூரை போட்டீங்க. எதிர்லயே உக்காந்திருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணல. குமட்டுதுன்னியே தம்பி, வாரா வாரம் எனக்கும் அதேதான்.

– சரி, பழசு போகட்டும். ஆட்டம் செல்லாது! மறுபடி மோதணும்!

– ஒரு வருஷம் நடந்துட்டா அதுவே விதி மாப்ளே. வழக்கம்னு ஒண்ணு இருக்கு.

– யாரும் மோத வேண்டாம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. விதி பிசகிடுச்சா இல்லையா?

– பிசகிடுச்சுக்கா! பச்சையா பிசகிடுச்சு! கடைத்தெருவுல வந்து வேணும்னாலும் சொல்றேன்!

– நீங்க?

– ம். அளக்கிற அடின்னா... பிசகினதுதான். ஒத்துக்கிறேன். பெயின்ட்காரன் வார்த்தை தவற மாட்டான்.

– சந்தோஷம். கைல அடிச்சது ஞாபகம் இருக்குல்ல?

– ஐயோ.

– என்ன மாமா ஐயோ? நாம ஜெயிச்சிட்டோம்ல? அதாவது, நீங்க ஜெயிக்கல.

– வாயை மூடுடா. பிசகினா முகப்பு யார் இஷ்டம்னு சொன்னா? கேடயக்காரி எங்கன்னு கேட்டியே, அந்த முகப்புக் கண்ணாடிக்குப் பின்னாடி பாரு.

– அங்க எப்படி... எப்பக்கா வெச்சே?

– காலைலயே. நீங்க பகடையைத் தொடுறதுக்கு முன்னாடியே.

– நின்ன இடத்தை விட்டு...

– நகர மாட்டா. சுத்திப் போகணும்னா போ, பின்வாசல் திறந்துதான் இருக்கு.

– ஏம்மா, குடும்பம்னு ஒண்ணு இருக்குல்ல? பங்கு போட்டுக்கலாம். ஆளுக்கு நாலு அடி. சரி, உனக்கு ஆறு, எங்களுக்கு மும்மூணு. அதான் நியாயம்.

– பன்னெண்டு.

– எனக்கு ஒரு ரெண்டு அடியாவது குடுக்கா. ஒரு வரிசைப் பூட்டுக்கு.

– பன்னெண்டு அடின்னா பன்னெண்டு அடிதான். எந்த அடின்னு சந்தேகம் இருந்தா ரெண்டு பேரும் கேளுங்க, இந்த வாட்டி சொல்றேன்.