ஆலாக் கூட்டைச் சுற்றிய கயிறு

தேநீருக்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. பாலைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டீர்கள், பரவாயில்லை.

என் பெயர் மேவிஸ் லார்ட்டர். நார்ஃபோக் கடற்கரையில் பத்தொன்பது வருஷமாக ஆலாப் பறவைகளுக்குக் காவல் இருக்கிறேன். சம்பளம் கிடையாது. வசந்தத்தில் அவை வந்து வெறும் கூழாங்கல்லில் முட்டையிடும். கல் எது முட்டை எது என்று தெரியாது, மிதித்தால் தீர்ந்தது. அதனால் கூட்டைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டுவோம். கூடு மாறினால் கயிறும் மாறும். ஊர்க்காரர்கள் கயிற்றை ஒட்டியே நடப்பார்கள், அதுதான் அவர்களுக்குப் பாதை.

நண்டு வியாபாரம் செய்து ஓய்ந்த டெனிஸ் மாப்ஸும் அப்படித்தான். எழுபது வயது, முழங்கால் சரியில்லை. அவர் கயிற்றைத் தாண்டியதே இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அவருடைய நாய் தாண்டும்.

"நாயைக் கட்டுங்க மாப்ஸ், உள்ள கூடு இருக்கு," என்றேன்.

"மொத்தமே ஒரே ஒரு கூடாமே? அதுக்கு ஒரு காவல், ஒரு கயிறு! வழி விடுங்க மகாராணி," என்றார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது.

வியாழக்கிழமை மதியம் கடல்மூட்டம் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மாப்ஸ் நாயோடு கரையின் முனைக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் பன்னிரண்டு கம்புகளைக் கயிற்றோடு பிடுங்கி, உமரிச் செடி முளைத்த சேற்றுக் கழியின் பக்கமாக நட்டேன். அங்கே கால் வைத்தால் சேறு இடுப்புவரை உள்ளே இழுக்கும். நான்கு மணி வாக்கில் கடல் ஏறி அந்தக் கழி நிரம்பும். நாய்க்கும் கூட்டுக்கும் நடுவே தூரம் வேண்டும், என் யோசனை அவ்வளவுதான்.

காவல் குடிலில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டேன்.

"மேவிஸ்! கால் மாட்டிக்கிச்சும்மா, தண்ணி ஏறுது! ஒரு கை குடும்மா!"

என்றைக்கும் மகாராணிதான், அன்றைக்குப் பெயர் வந்துவிட்டது. ரொட்டியை இரண்டு தடவை கீழே போட்டேன். இத்தனை சத்தம் கூட்டுக்கு ஆகாதே என்றுதான் கவலை. நாலேகாலுக்குச் சத்தம் நின்றது. நாய் மட்டும் வந்து கதவைப் பிராண்டியது. உள்ளே விட்டு, துடைத்து, பிஸ்கட் கொடுத்தேன். மிருகத்தை வதைக்கிறவள் இல்லை நான். தண்ணீர் வடிந்ததும் கம்புகளைப் பழைய இடத்திலேயே நட்டேன்.

குஞ்சு பொரித்ததா என்று கேட்கிறீர்கள். இல்லை ஐயா. அந்த வியாழக்கிழமைக்குப் பதினோரு நாள் முன்பே தாய்ப்பறவை கூட்டை விட்டுப் போய்விட்டது. முட்டைகள் சில்லிட்டுக் கிடந்தன. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றிருப்பார்கள்.