தீர்ப்பைப் படித்தவள்

“படத்துல அந்த அண்ணனுக்குப் படிக்கத் தெரியாதாடி?”

மைசூர் சிட்டி பஸ்ஸில் என் முன் சீட்டிலிருந்து இந்தக் கேள்வி வந்தது. மாட்டினி பார்த்துவிட்டு வரும் இரண்டு பெண்கள். அதே படத்தை நானும் பார்த்திருந்தேன். தம்பியைக் கொன்றவர்களைக் கோர்ட் விட்டுவிட, அண்ணன் ஒவ்வொருவராக வெட்டுகிறான்.

“படிச்சு என்னக்கா பண்றது?” என்றாள் இளையவள்.

“எங்க வீட்டுக்காரரை லாரி ஏத்திக் கொன்னவனையும் விட்டுட்டாங்க. எனக்கும் வெட்டணும்னுதான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி தீர்ப்பைப் படிச்சேன்.”

“கன்னடத்துலயா? உனக்குப் பேசத்தானே வரும்?”

“கேசு நடந்த நாலு வருசமும் கோர்ட்டு போர்டைப் பாத்துப் பாத்து எழுத்து கத்துக்கிட்டேன். தீர்ப்பை ஒவ்வொரு எழுத்தா படிக்கப் பத்து நாளாச்சு.”

“ஹௌதாக்கா? நெஜமாவா?”

“நேர்ல பாத்த பூக்காரம்மா சாட்சி சொன்னாங்கல்ல, அது தீர்ப்புல ஒரு வரிகூட இல்ல. வக்கீல்கிட்ட காட்டினேன். அவரு எழுந்து நின்னுட்டாரு.”

“அப்புறம்?”

“பெங்களூர் ஹைகோர்ட்டுக்குப் போனோம். மறுபடியும் விசாரிக்கச் சொல்லிட்டாங்க. திங்கக்கிழமை பூக்காரம்மா கூண்டுல ஏறுறாங்க.”

இளையவள் அக்கா பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

“நானும் கோர்ட்டுக்கு வரட்டாக்கா?”