பீன்யா குளிர்கிடங்குப் பெட்டி குறித்து முத்தம்மா சொன்னது

என் பெயர் முத்தம்மா. காலஞ்சென்ற ஏழுமலையின் மனைவி. வயது அறுபத்து மூன்று. பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில்வே லைனை ஒட்டிய தெருவில், என் பேத்தி அம்ருதாவுடன் குடியிருக்கிறேன். தமிழ்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். கன்னடம் பேசுவேன், எழுத வராது. ஆகவே நான் சொல்வதை ஏட்டு வைத்தீஸ்வரன் தமிழில் எழுதுகிறார்.

பீன்யாவில் கோவிந்தப்பா நடத்தும் ரோஜாப்பூ ஏற்றுமதிக் குளிர்கிடங்கில் ஒன்பது வருடமாகக் கூட்டித் துடைத்து, டீ போடும் வேலை செய்கிறேன். அம்ருதாவும் அங்கேதான் வேலை பார்த்தாள். அவள் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் முதல் வகுப்பு. வழக்குக்கு இது வேண்டியதில்லை என்று ஏட்டு சொன்னார். வேண்டும், எழுதுங்கள் என்று சொன்னேன்.

குளிர் அறையின் மீட்டர் கம்ப்ரெசர் ரூமில் இருக்கிறது. அது காட்டுவதை முன்பக்க ஆபீஸில் உள்ள கம்ப்யூட்டருக்கு அனுப்புவதற்கு, சோப்பு டப்பா அளவில் ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். குளிர் குறைந்தால் கம்ப்யூட்டர் மணி அடிக்கும். பெட்டியை மாட்டி செட்டிங் போட்டது அம்ருதா. முதலில் திரையில் வெறும் கிறுக்கலாகத்தான் வந்தது. "மீட்டர் மெதுவா பேசுது ஆயா, பெட்டி வேகமா கேக்குது. ரெண்டையும் ஒரே வேகத்துக்குக் கொண்டு வரணும்" என்றாள். அதன் பிறகு வேகத்தை மாற்றி, ஆபீஸ் லைனில் பெட்டிக்கு ஒரு நம்பர் கொடுத்து, பாஸ்வேர்டும் போட்டாள். நான் டீ கொண்டு போனபோது திரையில் 4 டிகிரி என்று தெளிவாக இருந்தது.

இந்த 2003-ஆம் வருடம் ஆவணி மாதம் அவளுக்கு வேறு கம்பெனியில் வேலை கிடைத்தது. சொல்லிக்கொள்ளப் போனபோது கோவிந்தப்பா எல்லோர் முன்னாலும், "ஏன், நீ போனா என் பெட்டி நின்னுடுமா? பெரிய மேடமா நீ?" என்று கேட்டார். அம்ருதா, "நான் போட்ட செட்டிங்கை யாரும் தொடாம இருந்தா நிக்காது சார்" என்றாள். இதைத்தான் அவர் புகாரில் மிரட்டல் என்று எழுதியிருக்கிறார். நான் பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அவள் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

அதன் பிறகு ஆயுத பூஜை வந்தது. கம்ப்ரெசர் ரூமின் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, எல்லா மெஷினையும் நான் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். ஆபீஸுக்குத் தனி கரண்ட் லைன் என்பதால் கம்ப்யூட்டரை நிறுத்தவில்லை. கோவிந்தப்பா ஊதுவத்தி ஏற்றி மெஷினுக்கு ஒன்றாகக் குத்திக்கொண்டே வந்தார். கம்ப்ரெசருக்கு வாழைப்பழத்தில் குத்தினார். பெட்டியின் மேல் பழம் நிற்கவில்லை. பெட்டியின் மேல்பக்கம் கோணி ஊசி நுழையும் அளவில் ஒரு ஓட்டை உண்டு. அதில் வத்தியின் குச்சியை வைத்து அழுத்தினார். ஆடாமல் நின்றது. "நோடு, இங்கே பாரு முத்தம்மா, வத்தி வைக்கவே ஓட்டை போட்டுக் கொடுத்திருக்கான்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன் பிறகு கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்து, வத்தி புகைந்துகொண்டிருக்கும்போதே மெயின் சுவிட்சை ஏற்றினார்கள்.

மறுநாள் விஜயதசமி லீவு. அன்று கம்ப்ரெசர் நின்றுவிட்டது. ஆபீஸ் திரையில் பூஜைக்கு முன் வந்த 4 டிகிரி மாறாமல் அப்படியே இருந்ததால் மணி அடிக்கவில்லை. வாட்ச்மேனும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறார். லீவு முடிந்து கதவைத் திறந்தபோது உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்தது. எடுத்த ரோஜாவில் காம்பு மட்டும்தான் கையில் நின்றது. அவ்வளவையும் வாரி டெம்போவில் போட்டது நான்தான். கோவிந்தப்பா படியில் உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தேன், வாங்கிக் கீழே வைத்துவிட்டார்.

அதன் பிறகு ஒரு இன்ஜினியர் வந்து, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே பார்த்து, பெட்டியின் செட்டிங் முழுவதும் அழிந்திருக்கிறது என்றார். கம்ப்ரெசர் ரூமுக்கு அவர் வரவில்லை. பாஸ்வேர்ட் தெரிந்தவள் அம்ருதா மட்டுமே என்பதால், அவள்தான் வெளியிலிருந்து கம்ப்யூட்டர் வழியாக அழித்தாள் என்று கோவிந்தப்பா புகார் கொடுத்தார். நேற்று போலீஸார் வீட்டுக்கு வந்து அவளுடைய கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு, கைதாக நேரிடும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்கள். புதுக் கம்பெனியில் கேஸ் முடிந்த பிறகு வரச் சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு அம்ருதா, "பூஜை அன்னிக்கு அந்தப் பெட்டியை யாராவது தொட்டாங்களா ஆயா?" என்று கேட்டாள். ஊதுவத்தியைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்த ஓட்டைக்குள் ஒரு பித்தான் இருப்பதாகவும், அது அமுங்கியிருக்கும்போது கரண்ட் வந்தால் பாஸ்வேர்ட் உட்பட எல்லாம் அழிந்து, பெட்டி கடையில் வாங்கிய நிலைக்குப் போய்விடும், ஆபீஸுக்கு ஒன்றும் அனுப்பாது என்றும் சொன்னாள். "நாளைக்கு வழக்கம் போல அதைத் துடைச்சுடாதே ஆயா" என்றாள்.

கம்ப்ரெசர் ரூமை வாரத்துக்கு ஒரு நாள்தான் துடைப்பேன், பூஜைக்குப் பிறகு இன்றுதான் அந்த முறை. இன்று காலை வேலைக்குப் போய்ப் பார்த்தேன். வத்தி எரிந்து முடிந்து, குச்சி ஒடிந்து, அதன் சிவப்பு முனை ஓட்டைக்குள்ளேயே இருந்தது. பெட்டியின் மேல் சாம்பல் கிடந்தது. தொடாமல் கதவைச் சாத்திவிட்டு நேராக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

"பேத்திக்காகப் பொய் சொல்றியாம்மா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். என் பேச்சை நம்ப வேண்டாம், போய்ப் பாருங்கள் என்றேன். இதற்குப் பிறகு கோவிந்தப்பாவிடம் எனக்கு வேலை இருக்காது என்பது தெரியும். ஒன்பது வருடத்தில் அந்தக் கிடங்கில் நான் தூசியோடு விட்டுவைத்த பொருள் அந்தப் பெட்டி ஒன்றுதான். என் இடத்துக்கு வருகிறவள் துடைப்பதற்குள் போய்ப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதை ஏட்டு வாசித்துக் காட்டினார். பிறகு நானும் வாங்கி ஒருமுறை வாசித்தேன். நடந்தது நடந்தபடியே இருக்கிறது, நான் கூட்டிச் சொன்னது ஒன்றும் இல்லை. ரேகை வைக்க மை டப்பாவை நீட்டினார்கள். வேண்டாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஏ. முத்தம்மா