ஐம்பத்துமூன்றில் வடு இல்லை

— படியைத் தாண்டாதே. அங்கயே நின்னு சொல்லு.

— நிக்கிறேன் லூரா. ஆறு வருஷம் ஜெயில்ல நின்ன அண்ணன், உன் வாசல்ல நிக்கமாட்டேனா? இந்தக் கட்டையை மட்டும் பாரு.

— அடுப்புக்கா?

— அடிப்பாவி! நம்ம மேட்டு ஓக் மரத்துல அறுத்தது. மரத்தை ஆராய காலேஜ்லேர்ந்து வந்த ஒரு அம்மா குடுத்தாங்க. வளையம் வருஷத்துக்கு ஒண்ணு. கருப்பா இருக்குற வடு ஒவ்வொண்ணும் ஒரு தீ. இது நமக்கு முன்ன இங்க இருந்த ஓசேஜ் பழங்குடி ஜனங்க மான் வேட்டைக்கு வச்சது. இது நம்ம தாத்தா, இது அப்பா. மார்ச் வந்தா உண்ணி சாகணும், புல்லு முளைக்கணும்னு இந்த ஓசார்க் மலையில தீ வைக்காதவன் யாரு?

— நீ வச்ச தீயிலதான் என் புருஷன் டூவி போனாரு. அப்புறம் இருபது வருஷமா யாரும் வைக்கல.

— அதான் காடு சீரழிஞ்சு கிடக்கு. சீடர் மரமா மண்டி, ஒரு ஓக் கன்னு தலை தூக்கல. அது கிடக்கட்டும். கேளு, ஐம்பத்திரெண்டாம் வருஷ வளையத்துல வடு இருக்கா? அது நான் வச்சது. டூவி போன ஐம்பத்திமூணுல எங்க, காட்டு பாப்போம்!

— எனக்கென்ன தெரியும்.

— இல்லவே இல்லங்கிறேன்! மேட்டுல பதினோரு மரம் அறுத்தாங்க, ஒண்ணுலயும் அந்த வருஷத்துக்கு வடு இல்ல. ஓடையோர மரம் அத்தனையிலும் இருக்கு. தீ கீழதான் கிளம்பியிருக்கு, உன் வீட்டுப் பக்கம். மேட்டுக்கு ஏறுமுன்ன மழை பிடிச்சிருச்சு. நான் வைக்கலன்னு கோர்ட்ல எப்படிக் கத்தினேன்! நீதான் மேட்டுல என்னைத் தீயோட பாத்தேன்னு சொன்னே.

— போதும்.

— உன்மேல கோவம் இல்லடி. புருஷனைப் பறிகொடுத்தவ, எதையோ பாத்து நான்னு நெனச்சிருப்பே. வான்கோழி வேட்டைக்கு வந்த எவனோ வச்சிருப்பான். இப்பவாவது அண்ணனுக்கு ஒருவாய் காப்பி குடு. அம்மா செத்தப்பகூட என்னை உள்ள விடலையே நீ. அதுதான் எனக்கு ஜெயிலைவிட வலிச்சுது.

— உள்ள வா.

— என்ன லூரா, அழறியா? அட, விடு. போனது போகட்டும். சாட்சி சொல்றவங்க தப்பா சொல்றது உலகத்துல நடக்காததா?

— உக்காரு. நான் தப்பாப் பாக்கல. எதையுமே பாக்கல. காத்தடிக்குது, இன்னைக்குப் புல்லைக் கொளுத்தாதேன்னு சொல்லிட்டுத்தான் அவரு மாட்டைத் தேடிப் போனாரு. அவரு தலை மறைஞ்சதும் ஓடையோரத்துல தீ வச்சவ நான்தாண்ணே.