பூனைக்கு வேண்டிய முகங்கள்

பூனைக்குப் புருவம் கிடையாது. படம் போடுகிற நாங்கள்தான் அதற்குப் புருவம் வைத்தோம். அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

சிறுவர் வாரப் பத்திரிகையில் ஒரு பூனைத் தொடர். வேலையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். உடம்பு, வால், நாற்காலி, மேகம் எல்லாம் வேறொருவர் வரைவார்; முகம் வரவேண்டிய இடத்தில் வெறும் வட்டம் விட்டு எனக்கு அனுப்புவார். நான் வீட்டிலிருந்தே வட்டங்களை நிரப்புவேன். அலுவலகத்தில் அவருக்கு 'உடம்பு' என்று பெயர், எனக்கு 'மூஞ்சி'.

"மூஞ்சிம்மா, ஏழாவது கட்டத்துல பூனை நல்லா அசடு வழியணும்" என்பார் ஆசிரியர். மரியாதையாகத்தான் சொல்வார்.

மற்றவர்கள் கண்ணாடியைப் பார்த்து வரைவார்கள். எனக்கு அது சரிப்படவில்லை. என் முகம் எதற்கும் அசையாது. அம்மா போன அன்று என்னைப் பார்த்து, "பெரியவளுக்குப் பசிக்குது போல" என்றார்கள். சின்னவள், என் தங்கை, அப்படியில்லை. பால் பொங்கினால் கூடவே அவள் முகமும் பொங்கும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்.

முதலில் சின்னச் சின்னதாகத்தான் செய்தேன். திகைப்பு வேண்டுமென்றால் அவள் செருப்பில் ஒன்றை ஒளித்து வைப்பேன். அருவருப்புக்குக் காப்பியில் உப்பு.

"அக்கா, இது உன் வேலைதானே?"

"எனக்கென்னடி தெரியும். மூக்கைச் சுருக்கினியே, அதை இன்னொரு தடவை பண்ணு."

"நீ உருப்படவே மாட்டே" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பும் எனக்குப் பயன்பட்டது. எதையும் நான் வீணாக்கியதில்லை.

அவள் ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். தெருமுனைக் கூடத்தில் சுமாரான வேலை. துறைமுக ஊரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குத் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். முடிவு தபாலில் வரும் என்றார்கள். அன்றிலிருந்து வாசலில் சத்தம் கேட்டால் அவள் முகத்தில் ஒன்று நடக்கும். கண் அடுப்பில் இருக்கும், காது கதவுக்குப் போகும், வாய் பாதி வார்த்தையில் நிற்கும். வரைந்தேன். குழந்தைகள் கட்டுக் கட்டாகக் கடிதம் போட்டார்கள். அந்த முகம் அட்டைப்படம் ஆனது.

மூன்று மாதம் கழித்து, வேலையில் சேரச் சொல்லி உத்தரவு வந்தது. வாங்கினவள் நான். அந்த வாரம் நான்கு வட்டங்கள் பாக்கி. முடித்ததும் கொடுத்துவிடலாம் என்றுதான் வரைபலகைக்கு அடியில் வைத்தேன். அடுத்த வாரம் ஆறு வட்டங்கள் வந்தன.

சேர வேண்டிய கெடு தாண்டியது. நேரில் போய்க் கேட்கிறேன் என்றாள். "அலையறான்னு நினைப்பாங்க, கௌரவமா இரு" என்றேன். மறு வருஷம் வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து உத்தரவு, பிறகு இன்னொன்று. இப்படி ஒன்பது வருஷம். அவளை நான் சோர்ந்துபோக விட்டதில்லை. "கிடைக்கும்டி, அடுத்த முறை பாரு" என்று தெம்பு சொன்னது நான்தான். தெம்பு குறைந்தால் அந்தக் காது திரும்பாது.

இந்த வருஷத்தோடு அவளுக்கு வயது வரம்பு முடிந்தது. இனிக் கடிதம் வராது.

போன வாரக் கதையில், தன் மீனைத் திருடித் தின்றது கூடப்பிறந்த பூனைதான் என்று நம் பூனைக்குத் தெரியவரும். அந்த முகம் எனக்குப் பிடிபடவில்லை. நான்கு நாள் அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையாகிவிட்டது. ஐந்தாம் நாள் காலை அவளை எதிரே உட்கார வைத்து, உறைகளை மேசையில் பரப்பி, தேதி வாரியாகச் சொன்னேன். பென்சிலை முன்பே சீவி வைத்திருந்தேன்.

அழுவாள் என்று நினைத்தேன். திட்டவாவது செய்வாள் என்று நினைத்தேன்.

"இப்ப என்ன வரைஞ்சுக்கிட்டிருக்கே?" என்று கேட்டாள்.

"உன்னைத்தான். கொஞ்சம் தலையை நிமிர்த்து."

நிமிர்த்தினாள். அந்த முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. பார்த்தது பார்த்தபடி வரைந்து அனுப்பினேன்.

"மூஞ்சிம்மா, கடைசிக் கட்டத்துல முகம் போட மறந்துட்டீங்களே" என்றார் ஆசிரியர். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் குறை அது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

சின்னவள் அன்று மத்தியானமே பெட்டியோடு கிளம்பிவிட்டாள். உறைகளையும் எடுத்துக்கொண்டாள். எங்கே என்று சொல்லவில்லை. ஒரு வாரத்தில் கோபம் தணிந்துவிடும். அவளை எனக்குத் தெரியாதா. அடுத்த இதழில் பூனை வீடு திரும்புகிறது. கதவு திறந்து அக்காவைப் பார்த்ததும் மலர்கிற முகத்துக்கு உரிய வட்டத்தை மட்டும் அவளுக்காக விட்டுவைத்திருக்கிறேன்.